தோற்றவர் ஏற்கும் கணக்கு

(உடுமலைப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். இயந்திரத்தில் மோசடி நடந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி எந்த நீதிமன்றத்திலும் இதுவரை நிறுவப்படவில்லை. இயந்திரம் கடவுள் மாதிரி, கேள்வி கேட்காதே என்று சொல்லவும் வரவில்லை. தேர்தலில் வென்றவருக்கு யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தோற்றவருக்குத்தான் நிரூபிக்க வேண்டும். அவரும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் "சரி, கணக்கு நேர்மையானது" என்று சொல்லி வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு மென்பொருளின் மீதான நம்பிக்கை போதுமா என்பதே என் கேள்வி. போதாது என்பது என் முடிவு. மென்பொருள் தவறு செய்தாலும் அந்தத் தவறு வெளியே தெரிந்துவிடும்படியும் திருத்த முடியும்படியும் தேர்தல் அமைந்திருக்க வேண்டும். இதை ஐந்து கருத்துகளாகச் சொல்கிறேன்.

1. இயந்திரம் எதற்காக வந்தது

இது நம் வட்டாரத்துக் கதை. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் குறைகள் அரசின் காதில் விழவேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே ஆகிப்போனது. தேர்தலைத் தள்ளிவைத்துத்தான் நடத்த முடிந்தது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். ஒரு ஓட்டுகூட வாங்காதவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது அதே ஆண்டில்தான்.

காகிதச் சீட்டுக் காலத்தைப் பொற்காலம் என்று நினைப்பவர்கள் மொடக்குறிச்சியை நினைத்துக்கொள்ளட்டும். வட மாநிலங்களில் சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரை குத்திய கதைகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். இயந்திரம் நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் வாங்காது. ஒரு சாவடியைப் பிடித்துக்கொண்டாலும் அரை மணி நேரத்தில் ஆயிரம் ஓட்டைக் குத்திவிட்டுப் போக முடியாது. இது சாதாரண லாபம் அல்ல. செல்லாத ஓட்டுகளும் சாவடியில் அநேகமாக ஒழிந்தன. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. 2004ல் நாட்டின் 543 மக்களவைத் தொகுதிகளும் அந்த வழிக்கு வந்தன. கொங்கு நாட்டு வேட்பாளர்கள் இப்போதும் இயந்திரத்துக்குச் சோதனை வைக்கத்தான் செய்கிறார்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட் ஒன்றில் 16 பெயர்தான் கொள்ளும் என்பதால் ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து யூனிட்டுகளை வரிசையாக வைத்தார்கள்.

இதற்கெல்லாம் முந்தைய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி முக்கியமானது. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சிவன் பிள்ளை 123 ஓட்டில் வென்றதாக அறிவித்தார்கள். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். நாடாளுமன்றம் 1988ல்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்தது. இயந்திரம் கெட்டது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் இன்று நாம் பேசும் ஒரு கேள்வியை அந்த வழக்கு விட்டுச்சென்றது. மக்களுடைய சம்மதம் எந்த வழியில் பதிவாகவேண்டும் என்பதைத் தொழில்நுட்ப வல்லுநர்களோ அதிகாரிகளோ தனியாக முடிவு செய்துவிட முடியாது.

2. உள்ளே இருப்பது

இயந்திரத்தைத் தயாரிப்பவை இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள்: பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். முதல் நிறுவனத்தில் இதன் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் பெரும்பங்கு வகித்தவர் பொறியாளர் எஸ். ரங்கராஜன். நமக்கெல்லாம் எழுத்தாளர் சுஜாதா. 1990ல் இயந்திரத்தை ஆராய்ந்து சரி என்று சொன்ன நிபுணர் குழுவுக்குப் பேராசிரியர் எஸ். சம்பத் தலைவர். 2006ல் மீண்டும் ஆராய்ந்த குழுவுக்குச் சென்னை ஐஐடியின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன் தலைவர். அவர்களுடைய திறமையையும் நேர்மையையும் நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஓட்டுகளைப் பதிந்து எண்ணும் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் ஒரு சிறிய கணினிச் சில்லு இருக்கிறது. அதில் நிரல் ஒரே ஒரு முறை எழுதப்படுகிறது. எழுதியதை அழித்து மாற்ற முடியாது என்கிறது தேர்தல் ஆணையம். இயந்திரத்துக்கு இணையம் கிடையாது, வைஃபை கிடையாது. எங்கோ உட்கார்ந்துகொண்டு இதை 'ஹேக்' செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை என் மாணவர்கள் நம்பக்கூடாது.

ஆனால் மாற்ற முடியாதது என்பதும் சரியானது என்பதும் வெவ்வேறு. தவறான நிரலை அழியாதபடி எழுதினால் தவறுதான் அழியாமல் நிற்கும். ஒப்புதல் பெற்ற நிரல்தான் நம் ஊர்ச் சாவடிக்கு வந்த சில்லில் இருக்கிறதா என்பதை வேட்பாளர் தாமாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை. மூல நிரலைப் பொதுவில் வைக்கவில்லை. 2023 செப்டம்பரில் மூல நிரலைத் தணிக்கை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிரல் வெளியே வந்தால் யார் வேண்டுமானாலும் ஊடுருவலாமே என்ற அச்சம் நீதிபதிகளுக்கு.

2010ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோர் ஓர் அசல் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் நிரலைத் தொடவேயில்லை. எண் காட்டும் பலகையைக் கழற்றி, அச்சு அசலாக இன்னொரு பலகையைப் பொருத்தினார்கள். உள்ளே கணக்கு சரியாகத்தான் இருந்தது, காட்டிய எண் மட்டும் வேறு. ஆணையம் அதை ஏற்கவில்லை. முத்திரை, காவல், குலுக்கல் என்று பல அடுக்குப் பாதுகாப்பு இருக்கும்போது நடைமுறையில் இது முடியாது என்றது. அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் இயந்திரம் எப்படிக் கிடைத்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். ஓட்டையைக் காட்டுகிறவரைச் சிறைக்கு அனுப்பினால் அடுத்தவர் வாய் திறப்பாரா? அரசியல் பேசும் எல்லாரிடமும் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

3. நிரலைத் திறந்தால் போதுமா

கணினித் துறையினர் பலர் ஒரே மூச்சில் சொல்லும் தீர்வு, மூல நிரலை வெளியிடு என்பது. நானும் அதைக் கேட்கிறேன், உரக்கவே கேட்கிறேன். ரகசியத்தை நம்பி நிற்கும் பாதுகாப்பு, அந்த ரகசியம் தெரிந்தவர்கள் எல்லாரும் யோக்கியர்களாக இருக்கும் வரைதான் நிற்கும்.

திறந்தவர்கள் அனுபவம் என்ன? ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2001 தேர்தலுக்கான மென்பொருளை வெளியிட்டார்கள். அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் பிழை கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள். எஸ்தோனியா 2013ல் தன் இணைய வாக்குப்பதிவின் சர்வர் நிரலை வெளியிட்டது. 2019ல் சுவிட்சர்லாந்து அஞ்சல் துறை, இணைய வாக்குப்பதிவு மென்பொருளை ஆய்வாளர்கள் பார்க்கத் தந்தது. சில வாரங்களில் சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெஸா டீக் மூவரும், சான்றுக் கணிதத்திலேயே ஓட்டை இருக்கிறது, உள்ளே இருப்பவர் ஓட்டுகளை மாற்றிவிட்டு மாற்றவில்லை என்று சான்றும் காட்ட முடியும் என்று நிறுவினார்கள். அந்த மென்பொருளை நிறுத்திவைத்தார்கள். பூட்டி வைத்திருந்தால் அந்த ஓட்டை இன்னும் எத்தனை தேர்தல் தாங்கியிருக்கும்?

ஆக, திறப்பது நல்லது. ஆனாலும் அதோடு வேலை முடியாது. யூனிக்ஸ் கண்ட கென் தாம்ப்ஸன் 1984லேயே இதைச் சொல்லிவிட்டார். நிரல் சுத்தமாக இருக்கலாம். அதை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் கள்ளம் இருந்தால், மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வெளியிட்ட நிரலும் சில்லில் ஓடும் நிரலும் ஒன்றுதானா என்ற பழைய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. நிரலைப் படித்துப் பார்த்து நம்பக்கூடியவர்கள் இந்த அரங்கில் பத்துப் பேர் இருக்கலாம். மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்து ஓட்டுப் போடும் பெண், தென்னந்தோப்பில் காய் போடுகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி இவர்களெல்லாம் யாரை நம்புவது? அந்தப் பத்துப் பேரையா? ஜெர்மனியில் 2005 தேர்தலில் சுமார் 20 லட்சம் பேர் நெடாப் நிறுவன இயந்திரங்களில் வாக்களித்தார்கள். 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பயன்பாடு அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. மோசடி நடந்தது என்பதற்காக அல்ல. தேர்தலின் முக்கியப் படிகளைத் தனி நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடியவேண்டும் என்பதே நீதிமன்றம் வைத்த அளவுகோல்.

நம்மிடமும் அந்த உணர்வு பழையது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது, பொ.ஆ. 920ஐ ஒட்டியது. அதை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக்கிப் பேசுவது தவறு. அது நிலம் உள்ள பிராமணர் சபைக்கான குலுக்கல். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார், அதாவது பூசகர்கள், எல்லாரும் வாசிக்கவேண்டும். ஐந்து விரலையும் ஏன் விரிக்கச் சொன்னார்கள்? கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாது. மத்தியஸ்தன் நல்லவனா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு தேவையில்லை.

இந்தக் கருத்தைக் கணினி அறிவியலில் ரொனால்ட் ரிவெஸ்ட், ஜான் வாக் இருவரும் 2006ல் இலக்கணமாக்கினார்கள். மென்பொருளில் நமக்குத் தெரியாமல் நேரும் மாற்றம், தேர்தல் முடிவில் கண்டுபிடிக்க முடியாத மாற்றத்தை உண்டாக்கக் கூடாது. அப்படி அமைந்த முறைக்கு அவர்கள் இட்ட பெயரை, மென்பொருள் சாராமை என்று சொல்லலாம்.

4. ஏழு விநாடிச் சீட்டு

இந்தியாவில் மென்பொருள் சாராமைக்குக் கிடைத்த கருவி விவிபாட், அதாவது வாக்காளர் சரிபார்க்கும் காகிதத் தடம். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது. அடுத்த மாதம் 8ஆம் தேதி, சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், காகிதத் தடம் நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்றது உச்ச நீதிமன்றம். 2014ல் மத்திய சென்னை உள்ளிட்ட எட்டு மக்களவைத் தொகுதிகளில் வைத்தார்கள். 2019ல் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது.

பொத்தானை அழுத்தியதும் பெட்டியின் சிறு சன்னலுக்குள் விளக்கு எரிகிறது. வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான சீட்டு ஏழு விநாடி நிற்கிறது. பிறகு அறுந்து கீழே பெட்டிக்குள் விழுகிறது. விளக்கு அணைந்ததும் கண்ணாடி கறுப்பாகிவிடுகிறது. சீட்டு விழுவதை நாம் பார்ப்பதில்லை. விவிபாட் பற்றி 2024ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் மனுதாரர்கள் கண்ணாடியைத் தெளிவாக்குங்கள், விளக்கு தொடர்ந்து எரியட்டும் என்று கேட்டதும் இதற்காகத்தான். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த முதியவருக்கு ஏழு விநாடி எப்படிப் போதும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

சீட்டில் வேறு சின்னம் வந்தால் என்ன செய்வது? தேர்தல் நடத்தை விதிகளில் 49எம்ஏ விதிப்படி வாக்காளர் எழுத்துமூலம் உறுதிமொழி தரவேண்டும். முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டு ஒன்று போடவேண்டும். அதில் சரியாக வந்துவிட்டால் பொய்ப் புகார் என்று வழக்கு, ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. எப்போதாவது ஒருமுறை வரும் கோளாறு, சோதனை ஓட்டிலும் வந்து நிற்கும் என்று என்ன நிச்சயம்? நேர்மையான சாட்சியைப் பயமுறுத்துகிற விதி இது. மாற்றவேண்டும்.

விவிபாட் இன்னொரு மென்பொருளையும் கொண்டுவந்தது. வேட்பாளர் பட்டியல் இறுதியானபின், சின்னங்களை மடிக்கணினியிலிருந்து சின்னம் ஏற்றும் கருவிக்கும், அதிலிருந்து விவிபாட்டுக்கும் ஏற்றுகிறார்கள். ஓட்டு எந்தப் பெயருக்கு என்றே தெரியாத இயந்திரம் என்று ஆணையம் பெருமையாகச் சொல்லி வந்தது. பெயரும் சின்னமும் அறிந்த ஒரு கருவி இப்போது நடுவில் வந்திருக்கிறது. அதே வழக்கில் 2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு, சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வந்து குறைந்தது 45 நாள் வைத்திருக்க உத்தரவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஐந்து சதவீத இயந்திரங்களின் சில்லுகளைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்கவேண்டும் என்றும் சொன்னது. எல்லாச் சீட்டையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் விருதுநகரிலும் வேலூரிலும் இரண்டாம் இடம் வந்தவர்கள் அந்தச் சரிபார்ப்பைக் கேட்டார்கள். விருதுநகரில் வித்தியாசம் 4,379 ஓட்டு. சோதனை என்ற பேரில் மாதிரி வாக்குப்பதிவு மட்டும் நடத்துகிறார்கள் என்று புகார் எழுந்து, 2025ல் நீதிமன்றம் மறுபடி தலையிட்டது. சரிபார்ப்பின்போது பதிவான தரவை அழிக்கக்கூடாது என்றது.

எனக்கு மனநிறைவு தராதது, சீட்டு எண்ணப்படும் சாவடிகளின் எண்ணிக்கை. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடியின் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். முன்பு ஒன்றாக இருந்ததை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. எந்த ஐந்து என்பதை வேட்பாளர்கள் முன் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். குலுக்கல் நன்று. ஐந்து போதுமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300 சாவடி உள்ள தொகுதியில் 30ல் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தை எடுத்துப் பார்த்தால் கோளாறு ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 41. மூன்றில் மட்டும் கோளாறு என்றால் நூற்றுக்கு ஐந்து. ஒன்றில் என்றால் அறுபதில் ஒரு பங்கு. நாடு முழுக்கப் பெரிய அளவில் தவறு நடந்தால் இந்த முறை கட்டாயம் பிடித்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்தல் முடிவு தொகுதி தொகுதியாகத்தானே வருகிறது?

2021ல் அதே மொடக்குறிச்சியில் பாஜகவின் சரஸ்வதி வென்றது 281 ஓட்டில். தோற்றவர் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. இந்த முடிவுகளில் எனக்குச் சந்தேகம் ஏதுமில்லை. கணக்குக்காகச் சொல்கிறேன். ஓர் ஓட்டு இடம் மாறினால் வித்தியாசம் இரண்டு குறையும். 141 ஓட்டு மாறினால் மொடக்குறிச்சி முடிவே மாறிவிடும். அதற்கு ஒரு சாவடி போதும். 300 சாவடித் தொகுதியில் அந்த ஒன்றை நூற்றுக்கு 95 உறுதியோடு பிடிக்க 285 சாவடிகளை எண்ணவேண்டும். 30 சாவடிகளில் தவறு நடந்திருந்தால்தான் முடிவு மாறும் என்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசமானால், சுமார் 28 சாவடி போதும்.

கொப்பரை ஏலத்தில் வியாபாரி சில மூட்டைகளில் கைவிட்டுப் பார்க்கிறார். சரக்கு ஒரே சீராக இருந்தால் விலை சொல்கிறார், சந்தேகம் வந்தால் இன்னும் சில மூட்டைகளை அவிழ்க்கச் சொல்கிறார். எத்தனை மூட்டை என்று எந்தச் சட்டமும் அவருக்கு முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இந்த முறையில்தான் தணிக்கை செய்கிறது. பொதுமக்கள் முன்னால் பத்து முகப் பகடைகளை உருட்டி எண் எடுத்து, எந்தச் சீட்டுகளை எண்ணுவது என்று தேர்ந்தெடுக்கிறார்கள். வித்தியாசம் குறையக் குறைய எண்ணவேண்டிய சீட்டு கூடும்.

5. கேட்கவேண்டியவை

வித்தியாசத்துக்கு ஏற்ப விவிபாட் எண்ணிக்கை அமையவேண்டும். வெற்றி தோல்வி மயிரிழையில் இருக்கும் தொகுதிகளில் எல்லாச் சீட்டையும் எண்ணவேண்டும். அத்தகைய தொகுதிகள் ஒரு தேர்தலில் சிலதான் இருக்கும். நேரமாகும் என்பது காரணமே அல்ல. வாக்குப்பதிவு முடிந்து வாரக்கணக்கில் காத்திருக்கும் நாடு இன்னும் ஒரு நாள் காத்திருக்காதா? 56டி விதிப்படி வேட்பாளர் சீட்டை எண்ணக் கேட்கலாம், ஆனால் முடிவு தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். அது வேட்பாளரின் உரிமையாகவேண்டும். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று அதே விதி சொல்வதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2019ல் ஆந்திரத்தின் மைதுகூரில் ஒரு சாவடியில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமல் விட்டதே காரணம் என்று தெரியவந்தது. காகிதம் இருந்ததால் மனிதத் தவறு பிடிபட்டது.

மூல நிரலை, சின்னம் ஏற்றும் மென்பொருளையும் சேர்த்து, வெளியிடவேண்டும்.

இவையெல்லாம் டெல்லியில் நடக்கவேண்டியவை. இந்த ஊரில் செய்யக்கூடியதும் உண்டு. பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் உடுமலையும் மடத்துக்குளமும் உட்பட ஆறு சட்டமன்றப் பிரிவுகள், ஆக விவிபாட் எண்ணும் சாவடிகள் முப்பது. பல கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகள் இங்கே வந்திருக்கிறீர்கள். விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவுக்குத் தூக்கம் கலைந்து போகிறவர்கள் நீங்கள். ஐம்பது ஓட்டாவது போட்டுப் பார்த்து, குளோஸ், ரிசல்ட், கிளியர் பொத்தான்கள் மூன்றையும் அழுத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மாதிரிச் சீட்டுகள் பெட்டியிலிருந்து வெளியே வந்து கறுப்பு உறைக்குள் போனதா என்று பாருங்கள். மாலையில் படிவம் 17சியின் நகலைக் கேட்டு வாங்காமல் சாவடியை விட்டு இறங்காதீர்கள். மொத்தம் எத்தனை ஓட்டு, இயந்திர எண் என்ன, முத்திரை எண் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எண்ணும் நாளில் அந்தத் தாளை மேசைக்குக் கொண்டுபோங்கள்.

ஐந்து சாவடிச் சீட்டுகளை எண்ணுவது இயந்திரச் சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகுதான். அதற்குள் வென்றவர் ஆட்கள் ஊர்வலத்துக்கும் தோற்றவர் ஆட்கள் வீட்டுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். மேசையில் அலுவலர்கள் மட்டும் சின்னம் சின்னமாகச் சீட்டைப் பிரித்து 25 சீட்டுக் கட்டுகளாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து கடைசிக் கட்டு எண்ணி முடியும் வரை கட்சிக்கு ஒருவராவது அங்கே உட்கார்ந்திருங்கள்.